பதினோராவது பெயர்

இருபத்திரண்டு வருடம் ஒரு விதியை யாருக்காகவும் வளைக்காத மனிதர், வளைத்தால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லாத இடத்தில் போய் அதை ஏன் வளைத்தார்? அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது. நேரில் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், "லிஸ்ட் ஒட்டியாச்சு, போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவப் போயிருப்பார்.

பேருந்துப் பணிமனையில் டிரைவர்களுக்கு டூட்டி போடுவது அவர் வேலை. நான் அங்கே எலக்ட்ரீஷியன். அவரை எல்லாரும் லிஸ்ட்காரர் என்போம். எட்டடிக்கு ஆறடி அறை. ஒரு சுவர் முழுக்க ஆணி அடித்த பலகை, ஆணிக்கு ஒரு தகர வில்லை, வில்லைக்கு ஒரு டிரைவர் எண். மேசையில் ஒரு சிவப்புப் பென்சில், ஒரு நீலப் பென்சில். மாலை நாலு மணிக்கு மறுநாள் லிஸ்ட் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஏறிவிடும். அதற்கு முன் அவரிடம் பேசிப் பயனில்லை. அதற்குப் பின்னும் பயனில்லை.

அந்த லிஸ்டில் எல்லாரும் முதலில் தேடுவது கடைசி வரியைத்தான். அதில் இருப்பவருக்கு ஸ்பேர் டூட்டி. யாராவது வராமல் போனால் வண்டியை எடுக்க அவர் ஓய்வறையில் காத்திருக்க வேண்டும். வண்டி கிடைத்தாலும் கிடைக்கும், நாள் முழுக்கப் பெஞ்சைத் தேய்த்தாலும் தேய்க்கலாம். யாருக்கும் பிடிக்காத வேலை அது. அதனால் முறை வைத்துப் போடுவார். இன்று உனக்கு என்றால் மறுபடி உனக்கு எப்போது என்று அந்தப் பலகையைப் பார்த்து யாரும் சொல்லிவிடலாம்.

அவருடைய மச்சினனும் அங்கே டிரைவர். ஒரு தடவை ஜன்னலின் அரைவட்ட ஓட்டைக்குள் வாயை வைத்துக்கொண்டு கெஞ்சினான்.

"மாமா, ஞாயித்துக்கிழமை பையனுக்குப் பொறந்த நாள். ஸ்பேரை மட்டும் ஒரு வாரம் தள்ளிப் போடுங்களேன்."

"தாராளமா. யாரை உன் இடத்துல போடட்டும்? நீயே பேரைச் சொல்லு மாப்ளே. அவன் வீட்டுக்கும் நீயே போய்ச் சொல்லிட்டு வந்துடு."

"மாமா, நான் உங்க பொண்டாட்டியோட கூடப் பொறந்தவன்."

"அதான் இவ்வளவு நேரம் பேசிட்டு இருக்கேன்."

மச்சினன் இரண்டு வருடம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் செத்தா, தூக்கற நாலு பேரையும் முறை வெச்சுத்தான் கூப்பிடணும்" என்று அவர் மனைவி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது கோபம் பாதி, பெருமை பாதி. நான் பெருமைப்படவில்லை. அவருக்கு அந்த லிஸ்டில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வேண்டாதவன் நேராக இருப்பதில் என்ன சிரமம் என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது.

முழங்கால் ஆபரேஷன் ஆகி அவர் மூன்று மாதம் வீட்டில் கிடந்தபோது, பொழுது போகட்டும் என்று நான்தான் அந்த ஆன்லைன் விளையாட்டை அவர் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். வாஷிங் மெஷினுக்கும் சமையலறை ஜன்னலுக்கும் நடுவில் ஒரு சின்ன மேசை. காது உடைந்த ஹெட்செட்டை நூல் சுற்றிக் கட்டியிருந்தார். வாள் வீசுவதில் அவருக்குப் பெரிய ஆர்வம் வரவில்லை. அவரை இழுத்துப் பிடித்தது ரெய்டு.

பத்துப் பேர் ஒன்றாக ஒரு கோட்டைக்குள் புகுந்து, அறை அறையாக முன்னேறி, ஒவ்வோர் அறையிலும் இருக்கும் ராட்சதனை வீழ்த்துவதற்குத்தான் ரெய்டு என்று பெயர். ராட்சதனை ஆட்டத்தில் பாஸ் என்பார்கள். எங்கள் குழுவில் முதலாளி. "இன்னைக்கு ரெண்டு முதலாளியைப் படுக்கப் போட்டோம்" என்று டீக்கடையில் பேசி, பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனதும் உண்டு. வீரம் இருந்தால் போதாது, பத்துப் பேர் ஒரே நேரத்தில் வந்து உட்கார வேண்டும். எங்கள் குழுவில் அதுதான் நடக்காது. ஏழு பேர் வருவோம். மூன்று பேருக்காக ஒரு மணி நேரம் காத்திருப்போம். ஒருவர் வந்ததும் இன்னொருவர் சாப்பிடப் போவார்.

லிஸ்ட்காரர் மூன்று வாரம் வாய் திறக்காமல் இருந்தார். நாலாவது வாரம் ஹெட்செட்டில் அவர் குரல் முதல் முறையாகக் கேட்டது.

"மூணு வாரமாப் பாக்கறேன். இது பஸ் டிப்போவா இருந்தா இன்னும் ஒரு வண்டிகூட வெளிய போயிருக்காது."

"யாருங்க அது பெரிய மனுஷன்?" என்றார் பல் டாக்டர். எங்கள் குழுவில் அதிகம் பேசுகிறவர் அவர்தான். வேலை நேரத்தில் எதிரில் இருப்பவர்கள் வாயைத் திறந்தபடி பேச முடியாமல் கிடப்பதால், மிச்ச நேரத்தில் நம்மிடம் தீர்த்துக்கொள்கிறார் என்பது என் ஊகம்.

அந்த வாரமே லிஸ்ட்காரர் ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். யாருக்கு எந்த வேலை, எத்தனை மணிக்குக் கடை, எப்போது குழந்தையைக் கொண்டுபோய் விட வேண்டும், எல்லாம் கேட்டு எழுதினார். முடிவில் எல்லாருக்கும் ஒத்துவந்த ஒரே நேரம் ஞாயிறு காலை ஆறு முதல் ஒன்பது வரை. பத்து இடத்துக்குப் பதினோரு பேரை வைத்தார். ஒருவர் ஸ்பேர். புதன்கிழமை மாலை லிஸ்ட் வந்துவிடும்: உள்ளே பத்துப் பெயர், கோட்டுக்குக் கீழே பதினோராவது பெயர். அதற்கும் கீழே, போன பத்து வாரங்களில் யார் யார் ஸ்பேர் இருந்தார்கள் என்ற முழு விவரம்.

ஸ்பேரில் இருப்பவரைச் சும்மா விடவும் இல்லை. "சும்மா உக்காந்திருக்கற மனுஷனுக்கு என்னென்னமோ தோணும். கையில ஒரு வேலையக் குடுத்துடணும்" என்றார். இந்த விளையாட்டில் நேரம் காட்டும் வசதி எதுவும் கிடையாது. சில முதலாளிகள் இத்தனை வினாடிக்கு ஒரு தடவை என்று தரையை ஓங்கி அறைவார்கள். அந்தக் கணம் நகராதவர் காலி. சண்டைக்கு நடுவில் யாரால் எண்ண முடியும்? ஆகவே ஸ்பேர் எண்ண வேண்டும். கோட்டைக்கு வெளியே இருப்பவருக்கு உள்ளே நடப்பது திரையில் தெரியாது. ஹெட்செட்டில் எங்கள் சத்தம் மட்டும் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே, கையில் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கடைசி ஐந்து வினாடியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வேறு எந்தக் குழுவிலும் இப்படி ஒரு பழக்கம் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஊசி என்று நாங்கள் கூப்பிட்ட பெண் அப்படித்தான் எங்களுக்கு முக்கியமானவர் ஆனார். அவர் தையல்கடை வைத்திருந்தார். ஆட்டத்தில் அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றும் வேலை. அதில் சுமார்தான், மவுஸ் பிடிக்கும் கை கொஞ்சம் நிதானம். ஆனால் எண்ண ஆரம்பித்தால் அவர் வேறு ஆள். மற்றவர்கள் எண்ணும்போது, முதலாளி சாகப் போகிறான் என்றால் குரல் ஏறும், எண் ஓடும். டாக்டர் எண்ணினால் ஐந்துக்கு அப்புறம் மூன்று வரும். ஊசியின் குரல் ஏறாது, இறங்காது. "அஞ்சு. நாலு. மூணு." துணியில் தையல் விழுவதுபோல ஒரே இடைவெளி. எங்கள் கால்கள் அவர் சொல்லில் நகர்ந்தன.

கோட்டையின் கடைசி முதலாளி கண் இல்லாத ஒரு கல் உருவம். முதலில் நாற்பத்தொரு வினாடிக்கு ஒரு அறை. பாதி உயிர் போனதும் இருபத்தொன்பது. கால்வாசி மிச்சம் இருக்கும்போது பதினேழு. நாலரை மாதம் அவனிடம் செத்தோம்.

கடைசி முதலாளியின் அறைக்கு முதல் தடவை போன அன்றே ஊசி கேட்டார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கலாமா? இவன் விழற அன்னைக்கு நான் உள்ள இருக்கணும். அது ஒண்ணுதான். மத்தபடி எத்தனை வாரம் வேணும்னாலும் வெளிய போடுங்க."

"ஏம்மா, உங்களுக்குன்னு தனியா என்ன?"

"எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் நான் தைச்ச துணி போகுது அண்ணா. நான் போனதில்ல."

டாக்டர்கூடச் சிரிக்கவில்லை. லிஸ்ட்காரர், "சரிம்மா. போட்டுடறேன்" என்றார். அவர் ஒருவருக்கு முன்கூட்டி வாக்குக் கொடுத்து நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

ஒரு மாதத்துக்கு மேல் போனது. முறைப்படி ஊசி வெளியே இருந்து எண்ணிய ஒரு ஞாயிறு மட்டும் முதலாளி பாதிக்கும் கீழே வந்தான். அவர் உள்ளே இருந்த ஞாயிறுகளில் முக்கால்வாசியிலேயே நாங்கள் சாய்ந்தோம். யாரும் இதைப் பேசவில்லை. பேசாமலே பத்துப் பேருக்கும் தெரிந்திருந்தது. பிறகு ஒரு புதன்கிழமை லிஸ்டில் அந்தக் கீழ்ப் பகுதி இல்லை. போன வாரங்களின் விவரம் போய்விட்டது. உள்ளே பத்துப் பெயர், கோடு, கோட்டுக்குக் கீழே ஊசி. அடுத்த வாரம் வேறொருவர். அதற்கடுத்த வாரம் மறுபடி ஊசி.

"இந்த வாரம் உங்க முறைதாம்மா" என்பார்.

"சரிங்கண்ணா."

நான் கவனித்தேன். பணிமனையில் தினமும் அவர் எதிரில் டீ குடித்தேன். கேட்கவில்லை. எனக்கும் அந்தக் கல் உருவம் விழ வேண்டியிருந்தது. ஊசிக்கு இது தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம் என்றால், அது எங்கள் வசதிக்கு. எண்ணத் தெரிந்தவருக்கு, தான் எத்தனை தடவை வெளியே இருந்தோம் என்பதும் தெரியும். கடைசிப் பதினான்கு ஞாயிறில் ஒன்பது.

அந்த ஞாயிறு எங்கள் குழுவில் கேடயம் பிடிக்கும் கொத்தனாருக்குக் கடைசி நாள். அடுத்த வாரம் அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறார். அங்கே தங்கும் இடத்தில் கம்ப்யூட்டர் வைக்க இடமில்லை. முதலாளியின் அடியைத் தாங்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இன்று இல்லையென்றால் இல்லை. லிஸ்ட்காரர் சொன்ன வார்த்தைப்படி ஊசியை உள்ளே போட்டிருந்தார். வெளியே டாக்டர்.

ஆறு முயற்சி போனது. ஏழாவதில் முதலாளிக்கு இரண்டு சதவீதம் மிச்சம். டாக்டர், "நாலு, மூணு, ஐயோ அடிங்க அடிங்க" என்று கத்தினார். ஒன்று வரவே இல்லை. பத்துப் பேரும் தரையில்.

மணி எட்டே முக்கால். ஒரு முயற்சிக்குத்தான் நேரம். ஹெட்செட்டில் யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம். கொத்தனார் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"ஊசிம்மா," என்றார் லிஸ்ட்காரர். "ஒரே ஒரு தடவை வெளிய வந்து எண்ணறீங்களா?"

நாலு வினாடி இருக்கும். அந்த நாலு வினாடியில் எங்களில் யாராவது ஒருவர் "வேணாம்ண்ணே, இப்படியே போவோம்" என்று சொல்லியிருக்கலாம். கொத்தனார் சொல்லியிருக்கலாம். டாக்டர், வாழ்க்கையில் ஒரு தடவை, வாயை மூடிக்கொண்டிருந்தார். நானும்தான்.

"சரிங்கண்ணா" என்றார் ஊசி.

அவர் வெளியே போனார், டாக்டர் உள்ளே வந்தார். லிஸ்ட்காரர் வழக்கம்போல "ரெடியா?" என்று கேட்டார். ஒவ்வொருவராக ரெடி சொன்னோம். அந்தச் சண்டையை நான் விவரிக்கப் போவதில்லை. குரல் ஏறாமல் இறங்காமல் அவர் எண்ணினார், நாங்கள் நகர்ந்தோம். கல் உருவம் முழங்கால் மடிந்து விழுந்தது. எல்லாரும் கத்தினோம். டாக்டர் அழுதேவிட்டார். கொத்தனார், "டேய், பாருங்கடா, பாருங்கடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் பத்துப் பேர் பெயருக்கும் முன்னால் 'கல்லுடைத்த' என்று பொன் எழுத்தில் ஒரு பட்டம் ஏறியது. உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்.

கத்தல் அடங்கியபோதுதான் அது எங்கள் காதில் விழுந்தது.

"அஞ்சு. நாலு. மூணு. ரெண்டு. ஒண்ணு."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி, சரியாக இடைவெளி விட்டு, "அஞ்சு. நாலு."

எங்கள் கத்தலை அவர் சாவுச் சத்தம் என்று நினைத்திருக்கிறார். அவருக்குத் திரையில் எதுவும் தெரியாதே. யாராவது சொல்லும்வரை எண்ண வேண்டியது அவர் வேலை. யாரும் சொல்லவில்லை.

"விழுந்துடுச்சும்மா," என்றார் லிஸ்ட்காரர்.

"விழுந்துடுச்சா?"

"ம்."

"நல்லதுண்ணா. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குக் கடை திறக்கணும்."

அவர் பெயருக்கு எதிரே இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது.

மறுநாள் லிஸ்ட்காரர் வேலைக்கு வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஆபரேஷனைத் தவிர அப்படி நடந்ததில்லை என்பதால் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்னங்க, ஜெயிச்சுட்டீங்கன்னு பையன் சொன்னான். இவர் மூஞ்சியப் பாத்து யாரோ போய்ட்டாங்கன்னு நெனச்சுட்டேன்." உள்ளே அவர் கம்ப்யூட்டர் மேசையில் இருந்தார். திரை அணைந்திருந்தது. ஹெட்செட்டின் நூலைப் பிரித்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரமே இன்னொரு தடவை போவோம்ண்ணே. ஊசிம்மாவை உள்ள வெச்சு" என்றேன்.

"கூப்பிட்டிருக்கேன்" என்றார்.

எல்லாரையும் கூப்பிட்டிருந்தார். ஆனால் பட்டம் வாங்கிய குழுவைப் போலச் சீக்கிரம் கலைவது வேறெதுவும் இல்லை. அடுத்த ஞாயிறு ஆறு பேர் வந்தோம். அதற்கடுத்த ஞாயிறு ஐந்து. இரண்டு வாரமும் ஊசிதான் முதலில் வந்தார், ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே. ஏழரை வரை காத்திருந்தோம். "பரவால்லண்ணா, தைக்க வேண்டியது கெடக்கு" என்று இரண்டு வாரமும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது வாரம் லிஸ்ட் வரவில்லை.

எட்டு மாதம் கழித்து விளையாட்டில் புதுக் கோட்டை திறந்தார்கள். பழைய கோட்டையை அடைத்துவிட்டார்கள். இனி அந்தப் பட்டம் யாருக்கும் கிடைக்காது. லிஸ்ட்காரர் மறுபடி போன் செய்தார். கொத்தனார் இடத்துக்கு ஒரு நர்ஸ் வந்தார். மீதிப் பேர் பழையவர்கள்தான். ஊசி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். புதன்கிழமை லிஸ்டில் கீழ்ப் பகுதி திரும்பவும் இருந்தது: யார், எந்த வாரம், எத்தனை தடவை. லிஸ்ட்காரர் தன் பெயருக்கு முன்னால் இருந்த பட்டத்தை மறைத்து வைத்திருந்தார். கொஞ்ச நாளில் நானும் மறைத்தேன். அவரைப் பார்த்துத்தான், நானாக அல்ல.

ஒரு மாற்றம் மட்டும் சொன்னார். "இனிமே ஸ்பேர்ல இருக்கறவங்க எண்ண வேண்டாம்."

"காலை வெட்டிட்டு ஓடச் சொல்றீங்களே அண்ணே" என்றார் டாக்டர்.

"ஓட முடிஞ்ச வரைக்கும் ஓடுவோம் டாக்டர்."

புதுக் கோட்டையின் கடைசி முதலாளியும் வினாடி வைத்து அடிக்கிறவன். பன்னிரண்டு ஞாயிறு அவனிடம் செத்தோம். நர்ஸ், "எண்ண ஒரு ஆள் இருந்தா போதுமே, ஏன் வேண்டாங்கறாரு?" என்று எனக்குத் தனியாக எழுதினார். நான் பதில் எழுதவில்லை. இருவர் குழுவை விட்டுப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒரே வாரம் பார்ப்போம் என்றார்கள்.

அந்த வாரம் முறைப்படி ஊசியின் ஸ்பேர். யாரும் வளைக்காமல் தானாக வந்த முறை. எட்டரை மணிக்கு முதலாளிக்கு மூன்று சதவீதம் மிச்சம் இருக்கும்போது சாய்ந்தோம். எழுந்து வரிசையில் நின்றோம். அப்போது வெளியே இருந்து அவர் குரல்.

"அண்ணா, நான் எண்ணட்டுமா?"



"வேணாம்மா" என்றார் லிஸ்ட்காரர்.

"நானேதான் கேக்கறேன்ண்ணா. எனக்கு அது பிடிக்கும். உள்ள இருக்கறதவிடப் பிடிக்கும்னுகூட வெச்சுக்கங்க."

உண்மையாகச் சொன்னாரா, எங்களுக்காகச் சொன்னாரா, தெரியாது. உண்மை என்றால், அவருக்கு நன்றாக வந்த ஒரே காரியத்தை லிஸ்ட்காரர் இரண்டாவது முறையாக அவர் கையிலிருந்து பிடுங்குகிறார் என்று அர்த்தம். இதை அவர் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார். அதனால்தான் அவர் செய்ததை நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை. தப்பு என்றும் சொல்ல வரவில்லை.

"அண்ணே, அவங்களே கேக்கறாங்க" என்றார் டாக்டர், கெஞ்சும் குரலில்.

நாலு வினாடி. இந்தத் தடவை நான் எண்ணினேன்.

"வேணாம்மா. நீங்க சும்மா இருங்க" என்றார். பிறகு எங்களிடம், "ரெடியா?"

ஒவ்வொருவராக ரெடி சொன்னோம். கதவு திறந்தது. ஹெட்செட்டில் யாரும் பேசவில்லை. பத்துப் பேரும் மனதுக்குள் எண்ணிக்கொண்டு போனோம். பத்துப் பேர் எண்ணிக்கையும் பத்து இடத்தில் முடிந்தது. பத்துப் பேரும் தரையில்.